தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கோத்து போதுமா?

விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடும் அவசரம். பிள்ளையை ஒப்படைக்கும் தாய், கூடவே ஒரு போத்தல் தேத்தண்ணியும் நாலு பிஸ்கோத்தும் வைத்துவிட்டுப் போவது நம் தோட்டங்களில் வெகுநாளாக உள்ள பழக்கம். "அழுதா நனைச்சுக் குடுங்க ஆயாம்மா" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பிள்ளையும் சப்பிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறது. வயிறு நிறைந்தது உண்மை. உடம்பில் என்ன சேர்ந்தது?

பிரசவ விடுமுறை 2023 முதல் 98 நாள் ஆகியிருக்கிறது. அது முடிந்து தாய் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு மூன்று மாதம்தான். ஆறு மாதம் நிரம்பித் தாய்ப்பாலோடு வேறு உணவும் கொடுக்கத் தொடங்கும் காலத்தில் பகலெல்லாம் குழந்தை இன்னொருவர் கையில். ஆகவே இதைத் தாய்மார்கள் மட்டுமல்ல, பாட்டிமார்களும் ஆயாம்மாக்களும் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும்.

தாய் வயிற்றில் இருந்தபோது சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச் சத்து, குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துபோகிறது. தாய்ப்பாலில் அது குறைவு. இனிச் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வராவிட்டால் பிள்ளை வெளுத்துச் சோர்ந்து போகும். மூளை வளரும் பருவம் அது. அப்போது ஏற்படும் குறையைப் பின்னால் ஈடுகட்டுவது கடினம். 2022-இல் நாடு முழுவதும் நடந்த சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரிந்தது. ஐந்தில் ஒரு பிள்ளை!

இனி அந்தப் போத்தலைப் பார்ப்போம். தேயிலையில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. டின் பாலில் கிட்டத்தட்டப் பாதி சீனி. அதுவும் மலிவான டின்கள் பலவற்றில் பாலின் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய்தான் இருக்கிறது. நாம் வெட்டிய குலை நம் பிள்ளையின் போத்தலுக்கே திரும்பி வருகிறது. நாம் அதைப் பால் என்கிறோம்! எட்டுக் கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 240 மில்லி அளவுதான் கொள்ளும். அதைத் தேத்தண்ணியால் நிரப்பிவிட்டால் மத்தியானம் சோற்றைக் கண்டு முகத்தைத் திருப்பாமல் என்ன செய்யும்?

ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே ஒன்றிரண்டு தடவை சிறு தீனி போதும். அதற்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. கொல்லையில் பழுத்த பப்பாளி, பிசாங் மாஸ், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி எல்லாம் நல்லவை. ஆறு ஏழு மாதத்தில் கரண்டியால் மசித்துக் கொடுங்கள். எட்டு ஒன்பது மாதத்தில் பிள்ளை தானே பிடித்துத் தின்ன, விரல் நீளத்துக்கு மெத்தென்று நறுக்கிக் கொடுக்கலாம். இரும்புச் சத்துக்கு நன்றாக வெந்த முட்டை, குழைய வெந்த பருப்பு, முள் நீக்கிய மீன். வாரத்தில் ஒருநாள் கோழி ஈரலில் சிறு துண்டு மசித்துக் கொடுத்தால் மிக விசேஷம். உப்பும் சீனியும் வேண்டாம். பருப்போடு நாலு வாய் பப்பாளி கொடுத்தால் இரும்புச் சத்து கூடுதலாகச் சேரும்.

"வாழப்பழம் குடுத்தா சளி பிடிக்கும், முட்ட சூடு" என்று பாட்டிமார்கள் தடுப்பார்கள். பேரப்பிள்ளை மேலுள்ள பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பழத்தால் சளி பிடிப்பதில்லை. முட்டையை ஆறு மாதத்திலிருந்தே கொடுக்கலாம். அவர்கள் ஆசையோடு நாக்கில் தடவும் தேன்தான் ஒரு வயதுக்குள் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுக்களின் உயிருக்கே ஆபத்து.

காலை ஐந்து மணிக்கு மசித்து வைத்தது பத்து மணிக்கு நம் ஊர் வெயிலில் கெட்டுப்போயிருக்கும். அதனால் பழத்தைத் தோலோடு கொடுத்தனுப்புங்கள். முட்டையையும் கிழங்கையும் பச்சையாகவே கொடுங்கள். ஆயாம்மா வேண்டிய நேரத்தில் அவித்துக் கையைக் கழுவிவிட்டு ஊட்டுவார். ஒரு வேளை மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

கச்சாங், முறுக்கு, ஜெல்லி, கொட்டையோடு ரம்புத்தான் இவையெல்லாம் தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கும். திராட்சையானால் நீளவாக்கில் நாலாகக் கீறிக் கொடுங்கள். பிள்ளையை உட்கார வைத்து ஊட்டுங்கள். தொட்டிலில் படுத்தபடி தின்னக் கொடுக்காதீர்கள். பாக்கெட் தீனி வாங்கியே ஆக வேண்டுமானால் பின்பக்கம் பாருங்கள். எந்தப் பொருள் அதிகமோ அதைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள். 'குலா' முன்னால் நின்றால் திருப்பி வைத்துவிடுங்கள்.

மருந்து அடிக்கும் வேலைக்குப் போகும் தாய்மார்கள் வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றி, சவுக்காரம் போட்டுக் குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். எவ்வளவு ஏங்கி அழுதாலும் சரி.

பிள்ளை கண் இமைக்குள் வெளுத்திருந்தாலோ, விளையாடாமல் சோர்ந்து கிடந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். சுகாதாரப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். "இரத்தம் இருக்கா, பாருங்க மிஸ்ஸி" என்று நீங்களே கேளுங்கள். கொஞ்சம் இரத்தம் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.