கூட்டுப் பட்டாவில் பெயர் இருக்கு, ஆனால் எந்த மூலை என்னுது? அண்ணன் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன வழி?

தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி தாலுகா, பொம்மிடி. சேர்வராயன் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு ஓட்டு வீடு. எல்லாம் அப்பா சொந்தமாகச் சம்பாதித்தது. அவர் உயில் எழுதாமலேயே இறந்துவிட்டார். அம்மாவும் இல்லை. பட்டாவில் இப்போது மூன்று பெயர்கள்: ஊரில் விவசாயம் பார்க்கும் அண்ணன், ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் தம்பி, கல்யாணமாகி பெங்களூருவில் இருக்கும் தங்கை. பங்கு கேட்டால் அண்ணனிடமிருந்து வரும் பதில்: "கையெழுத்துப் போட மாட்டேன், என்ன பண்ணுவீங்க?"

இது ஒரு கற்பனைக் குடும்பம்தான். ஆனால் ரயிலேறி வேலைக்குப் போனவர்கள் இருக்கும் எந்த ஊரிலும் இந்தக் குடும்பத்தைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கூட்டுச் சொத்தில் "கிழக்குப் பக்கம் எனக்கு, ரோட்டோரம் உனக்கு" என்று எதுவும் இல்லை. பிரிக்கும்வரை ஒவ்வொரு அடியிலும் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு உண்டு. அண்ணன் தனியாக உழுகிறார் என்பதற்காக நிலம் அவருடையதாகிவிடாது. ஒரு கூட்டு உரிமையாளரின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவமே என்று 1957-லேயே லட்சுமி ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் "உனக்கு இங்கே பங்கே கிடையாது" என்று அவர் வெளிப்படையாக மறுத்து, அதுவும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அன்றிலிருந்து 12 ஆண்டுக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். மறுத்த பிறகும் "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து.

"சீர் செஞ்சாச்சே, அப்புறம் என்ன பங்கு?"

சீரும் நகையும் பங்குக்கு ஈடாகாது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி, உயில் எழுதாத அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020-ல் தீர்ப்பு வந்தது. தங்கை பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். "அவளே வேணாம்னு சொல்லிட்டா" என்ற வாய்ப்பேச்சு போதாது. மற்ற மதத்தினருக்குப் பங்கின் அளவு வேறு சட்டப்படி அமையும். பாகம் பிரிக்கும் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான்.

கேட்காமல் விற்றுவிட்டால்?

தன் பிரிபடாத பங்கை மட்டும் விற்க மற்றவர்கள் சம்மதம் தேவையில்லை. முழு நிலத்தையும் ஒருவரே விற்றால், அது அவருடைய பங்கு அளவுக்கே செல்லும். ஆனால் குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் பெட்டியோடு வந்து குடியேற முடியாது. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 44-வது பிரிவு அதைத் தடுக்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கைக் குடும்பத்தினரே வாங்கிக்கொள்ளலாம்.

விற்பனை நடக்கும் முன்பே தெரியவந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. முதல்நிலை வாரிசுகளில் ஒருவர் விற்க நினைத்தால், வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கோர்ட்டுக்குப் போகாமல்

மூவரும் ஒத்துக்கொண்டால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்வதுதான் மலிவு. குடும்ப உறுப்பினர்களுக்குள் முத்திரைத் தீர்வை பங்கின் சந்தை மதிப்பில் 1%. 2023 ஜூலை மாற்றத்தின்படி ஒரு பங்குக்கு உச்சவரம்பு ரூ.40,000. பதிவுக் கட்டணத்துக்கு ரூ.10,000.

பத்திரத்தில் நிலத்தை மட்டும் பிரித்துவிட்டு எழுந்து வந்துவிடக் கூடாது. தருமபுரி மாதிரி வறண்ட மாவட்டத்தில் சண்டை பெரும்பாலும் மண்ணுக்காக வருவதில்லை, தண்ணீருக்காகவே வருகிறது. ஒரே கிணறு என்றால் யாருக்கு எந்த முறை, இலவச மின் இணைப்பு யார் பெயரில் இருக்கும், மோட்டார் பழுதானால் செலவு யாருடையது, உள்ளே இருக்கும் பங்குக்கு வண்டித்தடம் எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் எழுத வேண்டும். "மாமூல் தடம்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பது பத்து வருஷம் கழித்து வழக்காக வந்து நிற்கும். கிணறு ஒருவர் பங்கில் விழுந்தாலும், அதில் பொதுப் பங்கு என எழுதிக்கொள்ள முடியும்.

பேச்சு நடக்கிறது, ஆனால் முடியவில்லை என்றால், மாவட்ட அல்லது வட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். வழக்குப் போடும் முன்பே அங்கே சமரசம் பேச முடியும். மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

அண்ணன் மறுத்தால்

அவருடைய கையெழுத்து இல்லாமலும் பாகம் பிரிக்க முடியும். எந்தக் கூட்டு உரிமையாளரும் தனியாக உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். மற்ற பங்குதாரர்கள் எல்லோரையும் அதில் சேர்க்க வேண்டும், ஒருவரை விட்டாலும் வழக்கு ஆட்டம் காணும். கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொல்லி வழக்குப் போட்டால் நீதிமன்றக் கட்டணம் ஒரு சிறு நிலையான தொகை. வெளியேற்றப்பட்டதாகச் சொன்னால் பங்கின் சந்தை மதிப்பில் கட்ட வேண்டும். வழக்கு மனுவில் எந்த வாக்கியம் இருக்கிறது என்பதற்கே இங்கே பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம். வழக்கு முடிவதற்குள் நிலத்தை விற்கவோ கட்டடம் கட்டவோ கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்கலாம்.

தீர்ப்பு இரண்டு கட்டமாக வரும். முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் சொல்லும். எந்த இடம் யாருக்கு என்பது இறுதித் தீர்ப்பாணையில்தான். இடத்தை அளந்து பிரிக்க நீதிமன்றம் ஆணையரை அனுப்பும். பிரிக்க முடியாத சிறிய வீடு என்றால் விற்றுப் பணமாகப் பிரிக்கவும் உத்தரவிடலாம். பலரும் முதல் தீர்ப்போடு ஜெயித்துவிட்டதாக நினைத்து ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனு வரட்டும் என்று காத்திராமல் விசாரணை நீதிமன்றங்களே தொடர வேண்டும் என 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் உத்தரவிட்டது. அதற்காக வாய்தாவைக் கவனிக்காமல் இருந்துவிட முடியாது.

எவ்வளவு காலம் ஆகும்? தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன அருணாச்சல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கு ஒரு கணக்கைக் காட்டும். 1938-ல் நீதிமன்ற ஏலத்தில் ஒருவர் வாங்கிய சொத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு கேட்ட வழக்கு. விசாரணை நீதிமன்றம் 1994-ல் தள்ளுபடி செய்தது. உயர் நீதிமன்றம் 2009-ல் தள்ளுபடி. 2022 ஜனவரி 20-ல் உச்ச நீதிமன்றம் பங்கு உண்டு என்றது. சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கு 1956-க்கு முன்பே வாரிசுரிமை இருந்தது என்ற முக்கியமான தீர்ப்பு அது. வழக்கின் தலைப்பிலேயே மேல்முறையீடு செய்தவர் பெயருக்குப் பக்கத்தில் "இறந்துவிட்டார், வாரிசுகள் மூலம்" என்று இருக்கிறது.

பத்திரமோ தீர்ப்போ கையில் வந்ததும் உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சர்வேயர் வந்து அளந்து, புது உட்பிரிவு எண் விழுந்து, தனிப் பட்டா வரும்வரை வருவாய்த் துறைக் கணக்கில் அந்த மூன்று பெயர்களும் ஒரே வரிசையில்தான் இருக்கும்.