படகேறும் முன் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள்

2014 மே மாதம் பிரிட்டனைச் சேர்ந்த நான்கு பேர் கரீபியக் கடலின் ஆன்டிகுவா தீவிலிருந்து ஊர் திரும்பப் பாய் விரித்தார்கள். படகின் பெயர் சீக்கி ரஃபிக்கி. நடு அட்லாண்டிக்கில் படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று கேப்டன் கரைக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மே 16 அதிகாலையோடு அவர்களுடனான பேச்சுத் தொடர்பு அறுந்தது. இரண்டு நாளில் தேடுதல் நிறுத்தப்பட்டது. குடும்பத்தார் எழுப்பிய குரலுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட, மீண்டும் தொடங்கியது. மே 23 அன்று அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று கவிழ்ந்து மிதந்த படகைக் கண்டது. அடியில் இருக்க வேண்டிய கீலைக் காணோம். உயிர்காப்பு மிதவை வைத்த இடத்திலேயே இருந்தது. நால்வரும் கிடைக்கவே இல்லை.

பாய்மரப் படகைக் கவிழாமல் நிறுத்துவது இந்தக் கீல்தான். அடிப்பாகத்தில் போல்ட்டுகளால் முடுக்கப்பட்ட டன் கணக்கான இரும்பு அல்லது ஈயம் அது. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2015-ல் வெளியிட்ட அறிக்கை இதைப் பற்றித்தான் விரிவாகப் பேசுகிறது. இவ்வகைப் படகில் அடித்தளத்தை உறுதிப்படுத்தும் உட்சட்டகம் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். படகு தரைதட்டும்போது அந்தப் பசை விடலாம்; விட்டதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாமலும் போகலாம். சீக்கி ரஃபிக்கி முன்பு தரைதட்டியிருந்தது, பழுதும் பார்க்கப்பட்டிருந்தது. அவையெல்லாம் சேர்ந்து கட்டமைப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்பது புலனாய்வாளர்களின் கருத்து. ஆகவே, நெடும்பயணத்துக்கு ஆள் தேவை என்று யாராவது அழைத்தால் முதலில் கேளுங்கள்: இந்தப் படகு எப்போதாவது தரைதட்டியதா? அதன்பின் கீலையும் போல்ட்டுகளையும் யார் சோதித்தார்கள்? அறிக்கை எங்கே? 'லேசாகத்தான் தட்டியது' என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள்.

அடுத்து காகிதங்கள். அந்தப் படகுக்கு இருந்த வணிகச் சான்றிதழ் பாதுகாப்பான துறைமுகத்திலிருந்து 60 கடல்மைல் எல்லைக்குள் ஓடுவதற்கானது. அதுவும் பயணத்துக்கு முன்பே காலாவதியாகிவிட்டது. காசு கொடுத்துப் பயணம் செய்பவர்களும், கடல் அனுபவம் சேர்க்க வருகிற இளைஞர்களும் இதைக் கேட்பதே இல்லை. கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சான்றிதழ் எத்தனை மைலுக்கு, எந்தத் தேதி வரை? காப்பீடு இந்தக் கடலையும் இந்தப் பருவத்தையும் உள்ளடக்குகிறதா? அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் குறிப்பிட்ட பகுதிகளுக்குள் போனால் இழப்பீடு இல்லை என்று பல காப்பீட்டாளர்கள் எழுதிவைப்பார்கள். பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்கள் பத்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்பவர்களும் உண்டு. கேள்வி கேட்டதும் எரிந்துவிழுகிற கேப்டனோடு கடலுக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். துறைமுகத்திலேயே கேட்க முடியாதவரிடம் நள்ளிரவுப் புயலில் எதைச் சொல்ல முடியும்?

ஆபத்தை அறிவிக்கும் பீக்கன் கருவிகளில் இரண்டு வகை உண்டு. வேறுபாட்டைப் பலர் அறிவதில்லை. உடையில் மாட்டிக்கொள்ளும் தனிநபர் பீக்கனின் மின்கலம் குறைந்தது 24 மணி நேரம் உழைக்கும். படகுக்கான இ.பி.ஐ.ஆர்.பி. குறைந்தது 48 மணி நேரம் உழைக்கும். தானே நிமிர்ந்து மிதக்கும். இரண்டும் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்புபவை. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே உள்ள பீக்கனைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி முதல் கேட்பதில்லை. சீக்கி ரஃபிக்கியிலிருந்து வந்தவை தனிநபர் பீக்கன்களின் சமிக்ஞைகள் மட்டுமே. எனவே பெரிய பீக்கன் அறைக்குள் பூட்டிக்கிடக்கிறதா, படகு மூழ்கினால் தானே விடுபட்டு மேலே வருமா என்று கண்ணால் பாருங்கள். உயிர்காப்பு மிதவையின் கடைசிப் பரிசோதனைத் தேதியையும் பாருங்கள். படகு தலைகீழானாலும் கை எட்டுகிற இடத்தில் அது இருக்க வேண்டும்.

பீக்கனைப் பதிவு செய்யாமல் விடுவது பெரும் பிழை. கருவி அனுப்பும் எண்ணை வைத்துத்தான் மீட்பு மையம் படகையும் கரையில் உள்ள உறவினரையும் அடையாளம் காண்கிறது. இந்திய பீக்கன்களுக்குப் பதிவும் சமிக்ஞை பெறும் மையமும் பெங்களூரில், இஸ்ரோவின் இஸ்ட்ராக்கில் உள்ளன. பழைய பீக்கனை விலைக்கு வாங்கினால் முதல் வேலையாக உரிமையாளர் பெயரை மாற்றுங்கள். இந்தியக் கடற்பரப்பில் தேடி மீட்கும் பொறுப்பு கடலோரக் காவல்படையுடையது. அவசர எண் 1554.

முறையாக அழைத்தால் உதவி வரும் என்பதற்கு அபிலாஷ் டோமி சாட்சி. அப்போது இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்த அவர் 2018 செப்டம்பரில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் போட்டியில் தனியாகச் சென்றபோது, தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் அவரது 'துரியா' படகின் பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடி, எழக்கூட முடியவில்லை. அவரது பீக்கன் ஒலித்தது. இந்தியக் கடற்படை விமானம் படகைக் கண்டறிந்தது. செப்டம்பர் 24 அன்று 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் அவரை மீட்டது.

இந்த மீட்புக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. கடலில் அழியும் ஆபத்தில் இருப்பவர் யாராயினும், தன் கப்பலுக்குப் பெரும் ஆபத்து இல்லாதவரை கேப்டன் உதவ வேண்டும் என்கிறது ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் 98-வது பிரிவு. உயிர் காப்பாற்றப்பட்டவரிடம் அதற்குக் கூலி கேட்க முடியாது என்கிறது 1989-ன் சால்வேஜ் (கடல் மீட்பு) உடன்படிக்கை. படகுக்கோ அந்தச் சலுகை இல்லை. படகை இழுத்துச் சென்று காப்பாற்றினால், மீட்கப்பட்ட மதிப்பைத் தாண்டாத அளவுக்குப் பரிசுத்தொகை கேட்கலாம். பதற்றத்தில் வடத்தை வாங்கிக் கட்டுவதற்கு முன், இது வெறும் இழுவைக் கூலியா, எவ்வளவு என்று ரேடியோவிலாவது பேசி, நேரத்தோடு பதிவேட்டில் எழுதுங்கள். மீட்புதவி வேண்டாம் என்று உரிமையாளரோ கேப்டனோ நியாயமான காரணத்தோடு தெளிவாக மறுத்த பிறகும் செய்த வேலைக்குப் பரிசு கோர முடியாது.

சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. வணிக ரீதியாக ஓடும் படகென்றால், அதன் கொடிநாடு, அதாவது படகு பதிவான நாடு, 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றிருந்தால் எழுத்து மூலமான ஒப்பந்தமும், உரிமையாளர் செலவில் ஊர் திரும்புவதும் உங்கள் உரிமை. இரண்டு மாதச் சம்பளம் தராமல் விட்டாலே அது கைவிடுதலாகக் கருதப்படும். 2017 முதல், இந்த உடன்படிக்கையின்படி தொழிலாளர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டிய பெரிய கப்பல்களில் அதற்கான நிதிப் பொறுப்புச் சான்று ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உதவி கேட்க வேண்டிய தொடர்பு விவரம் அதிலேயே இருக்கும். நட்பு அடிப்படையில் இலவசமாகச் செல்பவருக்கு இந்தக் கவசம் கிடையாது. அவர்கள் புறப்படும் முன்பே, நடுவழித் துறைமுகத்தில் இறங்க நேர்ந்தால் விமானக் கட்டணம் யாருடையது என்று எழுதி வாங்க வேண்டும். கடவுச்சீட்டு உங்கள் பையிலேயே இருக்கட்டும். குடியேற்றச் சோதனைக்குக் கேப்டனிடம் கொடுத்தாலும் அன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.