ஒரு தேக்கரண்டி இடம்

வடக்கு யூட்லாந்தில், லிம்ஃபியோர்டு என்னும் கடற்கழியின் தென்கரையில் அமைந்து, சிமெண்டுக்கும் அக்வாவிட் என்ற மதுவுக்கும் நெடுங்காலம் பேர்பெற்று விளங்கிய ஓல்போர்க் நகரத்தில், குளிர்காலம் வந்து சாலைகளில் உப்புத் தூவத் தொடங்கியதும், பழைய கார் வைத்திருப்போர் அதைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, கோடையில் ஒத்திப்போட்ட வேலைகளில் இறங்குகிறார்கள். அவ்வேலைகளுள் மனத்துக்கு அதிக சபலமூட்டுவது, எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, வேறொரு மாடலின் ஹெட்டை அங்கே பூட்டிக் கம்ப்ரஷனை உயர்த்துவதாகும்.

இதற்கு மாரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரைவிடச் சிறந்த உதாரணம் தேட வேண்டியதில்லை. 1951-இல் ஆஸ்டின் ஏ30 காருக்காகத் தோன்றிய 803 சி.சி. எஞ்சின், 948, 1098, 1275 எனப் படிப்படியாகப் பருத்து, மைனரிலும், டென்மார்க்கில் மாரிஸ் மாஸ்காட் என்ற பெயரில் விற்கப்பட்ட மினியிலும், வேறு பல கார்களிலும் குடிகொண்டு, சுமார் அரை நூற்றாண்டு உற்பத்தியில் இருந்த காரணத்தால், ஒரு காரின் ஹெட் இன்னொன்றின்மேல் உட்கார்ந்துவிடுகிறது. உட்காருவதாலேயே பொருந்திவிட்டது என்று நம்புவதில்தான் சங்கடம் ஆரம்பமாகிறது.

பிஸ்டன் கீழ்க்கோடியில் நிற்கையில் அதன் மேலுள்ள கனஅளவை, அது உச்சியில் நிற்கையில் எஞ்சும் கனஅளவால் வகுத்தால் வருவதே கம்ப்ரஷன் விகிதம். 1098 சி.சி. மைனரில் ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் கடக்கும் இடம் 274 சி.சி.; விகிதம் 8.5 என்றால் உச்சியில் எஞ்சுவது 36.6 சி.சி. இதில் ஹெட்டிலுள்ள இருதய வடிவக் குழியின் பங்கு சுமார் 26. மீதி, பிஸ்டன் தலையின் பள்ளத்திலும், ஹெட்டுக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கட்டின் கனத்திலும் அடங்குகிறது. இந்நிலையில், எம்.ஜி. 1100 காரின் பெரிய வால்வுகளில் மயங்கி அதன் ஹெட்டைப் பூட்டுகிறவருக்கு, அதன் குழி 28.3 சி.சி. என்ற உண்மையால், விகிதம் உயர்வதற்குப் பதிலாக 8.1-க்கு இறங்கிவிடுகிறது! எம்.ஜி. காரில் அதே ஹெட் உயர்ந்த விகிதத்தைத் தந்தது; அங்கே பிஸ்டன் வேறு. 1275 எஞ்சினின் ஹெட்டிலோ குழி 21.4 சி.சி. மட்டுமே ஆகையால், அது விகிதத்தை 9.6 வரை ஏற்றிவிடும். இத்தனைக்கும் குறைந்த இடம் ஒரு தேக்கரண்டிக்குக்கூட நிரம்பாது. ஆனால் இந்த ஹெட்டின் எக்ஸாஸ்ட் வால்வு அகலமானது. 1098-இன் குறுகிய சிலிண்டரில் அது பிளாக்கின் விளிம்பில் முட்டுமாதலால், பிளாக்கிலேயே பள்ளம் குடைய வேண்டும். குடைந்த பள்ளமோ சேமித்த இடத்தில் ஒரு பகுதியைத் திரும்ப விழுங்கிவிடும்.

இவ்வளவு பிரயாசைக்கும் பலன் என்ன? பெட்ரோல் எஞ்சினின் இலட்சிய மாதிரியான ஓட்டோ சுழற்சியை ஆதாரமாகக் கொண்டு காகிதத்தில் கணக்கிட்டால், விகிதம் 8.5-இலிருந்து 9.5-க்கு ஏறும்போது, உஷ்ணத்தில் வேலையாக மாறும் பகுதி 57.5 சதவீதத்திலிருந்து 59.4 சதவீதமாகிறது; நிஜ எஞ்சினில் இரண்டுமே வெகுவாகக் குறைந்து நிற்கும். ஹெட் மாற்றியபின் கார் துள்ளி ஓடுவதாகச் சொல்பவர்கள் அனுபவிப்பது, என் அபிப்பிராயத்தில், பெரும்பாலும் அகன்ற வால்வுகளின் உபகாரமே.

விகிதத்துக்கு எல்லை வகுப்பது எரிபொருள். பொறியின் சுவாலை வந்து சேருமுன்பே மூலையில் ஒதுங்கிய கலவை, அழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் தானே பற்றி வெடிப்பதைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். ஆங்கிலேயப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ இதன் இயல்பை ஆராய்ந்து விளக்கினார். அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் ஈயச் சேர்மானத்தால் இதை அடக்கி, அந்த ஈயத்தின் நச்சுக்கு உலகம் கொடுத்த விலையைப் பின்னாளுக்கு விட்டுச் சென்றார். நல்ல பெட்ரோல் கிடைக்காத நாடுகளுக்கென்றே 948 சி.சி. மைனரை 8.3-க்குப் பதில் 7.2 விகிதத்திலும் தயாரித்தார்கள். இன்று ஓல்போர்க்கின் பெட்ரோல் பங்குகளில், நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் குறிக்கும் ஆக்டேன் எண் 95 கொண்ட பெட்ரோல் சர்வசாதாரணம். அங்கே அந்தத் தாழ்ந்த விகிதம் வீண்.

யாழ்ப்பாணத்தில் அதே தாழ்வு சிறிது காலம் பாக்கியமாயிற்று. இலங்கை அரசு விதித்து 1990-இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் பெட்ரோல் அரிதாகிவிட, அங்கிருந்த ஆஸ்டின் ஏ40, மாரிஸ் மைனர் முதலிய பழைய கார்களைச் சில துளி பெட்ரோலால் உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆக்டேன் மிகத் தாழ்ந்த அந்த எரிபொருளை, புகை கக்கியேனும் பொறுத்துக்கொள்ள, அழுத்தம் குறைந்த பழைய எஞ்சினாலேயே கூடிற்று. உயர்ந்த விகிதம் கொண்ட ஒரு புது எஞ்சின் அங்கே வெறும் இரும்பாகவே கிடந்திருக்கும். 1980-களிலிருந்து யூட்லாந்தில் குடியேறிய ஈழத்தமிழரில் மூத்தவர்களுக்கு இது புதுச் செய்தியன்று.

ஓல்போர்க்கில் ஒரு மைனர் என் வசம் இருக்குமானால், 1275-இன் ஹெட்டைத் தேடிப் போகமாட்டேன். பிளாக்கில் குடைந்த பள்ளத்தை எக்காலத்திலும் தூர்க்க முடியாது. அதன் சொந்த ஹெட்டையே கவிழ்த்துவைத்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிரீஸால் ஒட்டி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டவிட்டு நான்கு குழிகளையும் அளந்து, குழிக்கு 2.3 சி.சி. குறையுமளவு லேசாகச் சீவினால் விகிதம் 9 ஆகிவிடும். ஈயமற்ற பெட்ரோலில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை தேய்ந்துபோகாமலிருக்க, கடினமான உலோக வளையங்களைப் பதிப்பதையும் அதே சமயத்தில் முடித்து, பற்றவைக்கும் நேரத்தைச் சற்றே பிந்தவைத்தால் போதுமானது.