மென்பொருளுக்கும் ஒரு தேர்தல்

கண்டிக்கு அடுத்த பேராதனைப் பொறியியற் பீடத்து மாணவர் ஒருவர், உலகெங்கும் செல்லவிருக்கும் மென்பொருளை நிறுத்திவைக்கக்கூடும் என்றால் நேயர்கள் வியப்படையலாம். இலங்கையர் பலர் உழைத்த அப்பாச்சி ஆக்சிஸ்2 போன்றவற்றில், வெளியீட்டுக்கு முன்னர் ‘வேட்பாளர்’ எனும் பிரதி வைக்கப்படும். 72 மணி நேரமேனும் எவரும் சோதிக்கலாம். திட்டக் குழுவினர் மூவரேனும் ஆதரித்தல் வேண்டும். மாணவரின் வாக்கு அக்கணக்கிற் சேராது; ஆனால் அவர் காட்டும் குறை கருத்திற் கொள்ளப்படலாம்.

அப்பிரதியைத் தொகுக்க உதவுவது மேவன் என்னும் கருவி. முடிவுபெறாத பகுதி எதனையேனும் மென்பொருள் சார்ந்திருப்பின், அதன் வெளியீட்டுச் செருகி மேற்செல்ல மறுக்கும். இல்லையேல் பதிப்பெண் எழுதி, மூலநிரலில் அடையாளமிடும்.

குறை தெரிந்தால் அக்கோப்பையே திருத்தலாகாதா? ஆகாது. சோதித்தது ஒன்று, வெளியாவது வேறொன்று என்றாகிவிடும். எனவே புதிய வேட்பாளர் வர, வாக்கெடுப்பும் புதிதாகத் தொடங்கும். தேறிய கோப்பு ஓரெழுத்தும் மாறாமல் வெளியாகும்.