கதிரவனை ஏற்கும் கலம்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் கொல்லர் பட்டறையை மாணவர் சிலரேனும் கண்டிருப்பர். உலையில் கொழு சிவக்கும்போது, இரும்பு எவ்வெம்மையில் இளகும், எவ்வடியில் முறியும் என்பதிலேயே கொல்லரின் கருத்து நிற்கும். அவ்வினாவையே பேரளவில் ஆராயும் இடமொன்று நமக்கு அண்மையில் உள்ளது. திண்டிவனத்தினின்று கிழக்கே சென்று, மரக்காணத்து உப்பளங்களைக் கண்டு, கடற்கரைச் சாலையில் வடக்கே செல்லின் கல்பாக்கம் வரும். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

இன்றைய அணுமின் நிலையங்களில் நிகழ்வது கனமான அணுக்கருவைப் பிளத்தல். கதிரவனுள் நிகழ்வதோ இலேசான கருக்கள் ஒன்றோடொன்று இணைதல். அவ்விணைவை மண்ணுலகில் நிகழ்த்தப் பிரான்சு நாட்டில் ஐட்டர் என்னும் பேருலை எழுப்பப்பட்டு வருகிறது. இந்தியாவும் அதில் பங்குடையது. டியூட்டீரியம், டிரிட்டியம் என்னும் ஹைட்ரஜன் வகைகள் 15 கோடிப் பாகை வெம்மையில் அங்கு இணைதல் வேண்டும். கதிரவனின் நடுப்பகுதி வெம்மையைப்போல் இது பத்து மடங்கு. இதனைத் தாங்கும் பொருள் உலகில் உண்டோ எனின், இல்லை. ஆதலின் காந்தப்புலமே வேலியாக நின்று, அவ்வெம்மை சுவரைத் தீண்டாமல் காக்கிறது.

ஆயினும் இணைவில் பிறக்கும் நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. காந்த வேலி அதனைத் தடுக்காது. அது எஃகுச் சுவருள் பாய்ந்து அணுக்களை இடம்பெயர்க்கும். உள்ளே ஹீலியம் வாயுவைப் பிறப்பிக்கும். எஃகு நொறுங்கும் இயல்பினதாகும். அதனினும் கொடியது, எஃகே கதிரியக்கம் பெறுதல். வலிமைக்காக எஃகில் சேர்க்கும் நையோபியம் நியூட்ரானை ஏற்று வேறு வடிவு கொண்டால், அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20,000 ஆண்டுகள் செல்லும். மாலிப்டினமும் அத்தகைய நெடுங்காலத் தொல்லை தருவதே. நாம் மின்விளக்கேற்ற, எத்தனை தலைமுறையினர் அச்சுமையைச் சுமப்பது?

இரும்பிற்குக் கரும்பொன் என்றொரு பெயர் தமிழில் உண்டு. அதனோடு எதனை, எவ்வளவு கூட்டுவது என்பதே கல்பாக்கத்து உலோகவியலார் எடுத்துக்கொண்ட வினா. காந்திநகர்ப் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தாரோடும் ஐதராபாத்து மிதானி ஆலையாரோடும் கூடி, அவர்கள் அவ்விரு உலோகங்களையும் விலக்கி, டங்ஸ்டனையும் டான்டலத்தையும் சேர்த்தனர். டங்ஸ்டன் மிகின், வெம்மையில் நெடுநாள் இழுவையைத் தாங்கும் ஆற்றல் கூடும். முறியும் இயல்பும் சிறிது தலைகாட்டும். அளவை மாற்றி மாற்றி வார்த்து, சூடேற்றி, இழுத்து, அடித்துப் பார்த்தபின், நூற்றுக்கு 9 பங்கு குரோமியமும் 1.4 பங்கு டங்ஸ்டனும் 0.06 பங்கு டான்டலமும் தக்கவை எனத் தேர்ந்தனர். பதினாயிரத்தில் ஆறு பங்கு! குழம்பிற்கு உப்பிடுவோர் இந்நுட்பத்தை எளிதில் உணர்வர்.

இத்தகைய எஃகின் கதிரியக்கம், உலையினின்று அகற்றியபின் ஏறத்தாழ 100 ஆண்டுகளில் கையாளத்தக்க அளவிற்குத் தணிதல் வேண்டும் என்பது குறிக்கோள். இணைவுலையின் கடுவேக நியூட்ரான்களை எஃகின்மேல் நெடுநாள் பொழிந்து சோதிப்பதற்கென, ஸ்பெயின் நாட்டுக் கிரானடா நகரருகே ஒரு நிலையம் அமைக்கப்பட்டு வருகிறது.