உழவரும் நகரமும்

திருவண்ணாமலை என்றதும் நம் நினைவுக்கு வருவன கோயிலும், மலையும், தீபமுமே. அந்நகருக்கு நாள்தோறும் உணவளிக்கும் வயல்களை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைப்பாதையை வலம்வரும் பெருந்திரளான மக்களுக்கு அரிசியும், காய்கறியும், பாலும், பூவும் வேண்டுமல்லவா? அவற்றை விளைவிப்பவர் உழவரே.

நகரமும் பெறுவதோடு நின்றுவிடுவதில்லை. விதையும் உரமும் வாங்கவும், பம்பு செட்டைப் பழுது பார்க்கவும், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கவும் கிராமத்தார் நகரத்தையே நாடுகின்றனர். கார்த்திகைத் தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை இவ்வுறவுக்கு நல்ல சான்று. உழவர் கையில் பணம் தங்கினால், கடைவீதியில் துணியும் பாத்திரமும் விற்கும். அவர் நொடித்தால் கடைவீதியும் வாடும்.

1958-இல் முடிவுற்ற சாத்தனூர் அணை இவ்வட்டாரத்திற்குப் பாசன நீர் தந்தது. எனினும் விளைச்சல் மட்டும் போதாது; தக்க விலையும் கிடைக்க வேண்டும். மணிலா அறுவடையின்போது யாவரும் ஒருசேர விற்க முற்படுவதால் விலை சரிகிறது. முன்பணம் பெற்றவரோ, கொடுத்தவர் கேட்ட விலைக்குக் களத்திலேயே அளந்துவிட நேரிடுகிறது.

இக்குறையைப் போக்கவே 1933-ஆம் ஆண்டுச் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அமைந்தது. திருவண்ணாமலையிலும் இத்தகைய கூடம் உண்டு. இங்கு வியாபாரிகள் தத்தம் விலையை ஒருவர்க்கொருவர் அறியாமல் குறித்துக் கொடுப்பர். உயர்ந்த விலையே ஏற்கப்படும். அதுவும் கட்டாதெனில் உழவர் மறுக்கலாம். சரக்கைக் கிடங்கில் இருப்பு வைத்து, அதன் ஈட்டின்மேல் கடன் பெற்று, விலை ஏறும்வரை காத்திருக்கவும் வழியுண்டு.

காய்கறிக்கோ காத்திருக்க இயலாது. அதற்கென எழுந்தது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கிய இத்திட்டம் பின்னர் திருவண்ணாமலைக்கும் வந்தது. அடையாள அட்டை பெற்ற உழவர், தரகரின்றி, கடை வாடகையுமின்றித் தாமே விற்கிறார். விலை மொத்த விலைக்கு மேலாகவும், சில்லறை விலைக்குக் கீழாகவும் குறிக்கப்படுகிறது. ஆதலின் இரு சாராரும் பயனடைகின்றனர்.

உழவர் பெருமக்கள் மணிலாவை நன்கு உலர்த்தி, கல்லும் மண்ணும் நீக்கிக் கூடத்திற்குக் கொணர வேண்டும். நகரத்தார் காய்கறிக் கழிவைப் பிற குப்பையோடு கலவாமல் பிரித்துக் கொடுத்தால், அது மட்கி உரமாக வயலுக்குத் திரும்பும். இவ்விரு கடமைகளையும் நாம் இன்றே மேற்கொள்வோமாக.