சான் மிகேல் நகரில் சுவை பார்க்கும் கடைகள்

சரக்கு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதன் நன்மையை வாங்குவோர் அறிந்திருக்கவும் வேண்டும். அறியாதவர் கண்ணுக்கு அசல் பட்டும் போலிப் பட்டும் ஒன்றே. தறியில் அமர்பவரும் ஏர் பிடிப்பவரும் இதனைத் தம் அனுபவத்தால் நன்கறிவர். வாங்குவோருக்குத் தரம் அறியும் பழக்கத்தை ஊட்டி, அதன் வாயிலாகவே பிழைக்க முயலும் ஒரு தொழிலைப் பற்றி இக்கட்டுரையில் கூறுவோம். மெக்ஸிகோ நாட்டில் குவானாஹுவாத்தோ மாநிலத்தைச் சேர்ந்த சான் மிகேல் தே அயெந்தே என்னும் பழைய நகரின் திராட்சை மதுத் தொழிலே அது.

மதுவைப் பற்றிக் கூட்டுறவு இதழில் எழுதலாமா என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். குடிப்பழக்கம் ஏழைக் குடும்பங்களைச் சீரழிப்பது கண்கூடு. அதற்குப் பரிந்து பேசுவது நம் நோக்கமன்று. பயிரிடுபவர் தம் விளைபொருளைத் தாமே பண்டமாக்கித் தாமே விற்கும் முறை எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தொல்லை என்பதே நாம் ஆராயப்புகும் விஷயம்.

நகரும் அதன் பழைய தறிகளும்

ஹுவான் தே சான் மிகேல் என்னும் துறவி 1542-ஆம் ஆண்டில் இவ்வூரை நிறுவினார். கடல் மட்டத்துக்குச் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், லாஹா ஆற்றுப் படுகையை நோக்கிய சரிவில் ஊர் அமைந்துள்ளது. வடக்கிலுள்ள வெள்ளிச் சுரங்கங்களுக்கும் மெக்ஸிகோ தலைநகருக்கும் இடையே சென்ற அரச பாட்டையில் அது ஒரு காவல் நிலையாகவும் வணிக நிலையாகவும் வளர்ந்தது. கல் பாவிய தெருக்களும், காவியும் மஞ்சளும் பூசிய வீடுகளும் இன்றும் பழைய கோலத்திலேயே நிற்கின்றன. தலைமைக் கோயிலின் இளஞ்சிவப்பு முகப்பை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியவர் செஃபெரினோ குத்தியெர்ரெஸ் என்னும் உள்ளூர் மேஸ்திரி. ஐரோப்பியக் கோயில்களின் படங்களைப் பார்த்தே அவர் அதனை அமைத்தார் என்பர். 2008-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

18-ஆம் நூற்றாண்டில் இவ்வூருக்குப் புகழ் தந்தது கம்பளி நெசவு. சராப்பே என்னும் வண்ணப் போர்வை இங்கிருந்து நெடுந்தூரம் சென்றது. ஆனால் அந்நாளைய நெசவுக்கூடங்கள் பலவற்றில் கடனுக்குக் கட்டுண்டவர்களும், தண்டனை பெற்றவர்களும் அடைத்து வைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டனர் என்பதையும் மறத்தலாகாது. போர்வையின் புகழ் ஓரிடத்தில் சேர, அதனை நெய்தவனின் துன்பம் வேறோரிடத்தில் தங்கிற்று.

பின்னர் 1902-ஆம் ஆண்டில் லா அவுரோரா என்னும் பஞ்சாலை இங்கு எழுந்தது. சுமார் தொண்ணூறு ஆண்டுகள் ஊர் மக்களுக்குப் பிழைப்பளித்த அவ்வாலை 1991-இல் மூடப்பட்டது. இன்று அக்கட்டடத்தில் ஓவியக் கூடங்களும் கலைப்பொருள் கடைகளும் நடைபெறுகின்றன. பழைய இயந்திரங்கள் சில காட்சிப் பொருளாக நிற்கின்றன. ஊருக்கு வருவோர் அவற்றைப் பார்த்துவிட்டு, அடுத்த தெருவிலுள்ள மதுக் கடைக்குச் செல்கின்றனர். பஞ்சாலை மூடிய பத்தாண்டிலேதான் இவ்வட்டாரத்தில் திராட்சை மதுத் தொழில் புதிதாகத் துளிர்த்தது.

தடை செய்யப்பட்ட கொடி

திராட்சை மதுவுக்கான கொடியை மெக்ஸிகோவுக்குக் கொணர்ந்தவர் ஸ்பானியர். நூறு இந்தியக் குடிகளுக்கு ஆயிரம் கொடி என்ற கணக்கில் ஆண்டுதோறும் நட வேண்டுமென்று 1524-இல் எர்னான் கோர்தேஸ் ஆணையிட்டார். கொடி நன்கு படர்ந்தது. தாய்நாட்டு மது வணிகத்துக்கு அது போட்டியாகுமென்று அஞ்சிய மன்னர் இரண்டாம் பிலிப், 1595-இல் புதிய கொடி நடுவதைத் தடுத்தார். எனினும் 1597-இல் வடக்கே பார்ராஸ் பள்ளத்தாக்கில் அம்மன்னரின் அனுமதியுடனே ஒரு மதுப் பண்ணை தோன்றிற்று. காசா மதேரோ என்ற பெயருடன் இன்றும் இயங்கும் அதுவே அமெரிக்கக் கண்டங்களில் மிகப் பழமையானது. பிற இடங்களில் கோயில் வழிபாட்டுக்கு வேண்டிய அளவே பெரும்பாலும் பயிராயிற்று.

சான் மிகேலுக்கு வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் தோலோரெஸ் என்னும் ஊர் உள்ளது. 1803-இல் அவ்வூர்க் கோயிலின் குருவாக வந்தார் மிகேல் இதால்கோ. பூசையோடு நில்லாமல், ஏழைக் குடிகளுக்கு அவர் மண்பாண்டம் வனைதல், தோல் பதனிடுதல், நெசவு, தேனீ வளர்ப்பு ஆகியவற்றைக் கற்பித்தார். பட்டுப்புழுவுக்காக முசுக்கொட்டை மரங்களையும், மதுவுக்காகத் திராட்சைக் கொடிகளையும் நட்டார். அரசாங்க அதிகாரிகள் வந்து அக்கொடிகளைப் பிடுங்கி எறிந்தனர் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. 1810 செப்டம்பர் 16 அன்று விடியற்காலையில் அவர் தம் கோயில் மணியை அடித்து மக்களை விடுதலைப் போருக்கு அழைத்தார்; அன்று மாலையே அவர் படை சான் மிகேலை அடைந்தது. இவ்வூரிற் பிறந்த இக்னாசியோ அயெந்தே அவருக்குத் துணை நின்றார். 1811-இல் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1826-இல் ஊரின் பெயரோடு அயெந்தேயின் பெயர் சேர்ந்தது. நூலும் பழமும் பிறர் ஆணைக்கு உட்பட்டிருந்த வரையில் குடிகளுக்கு வாழ்வில்லை என்பதைக் கண்ட குரு அவர்.

மீண்டும் வந்த பயிர்

1990-களில் தோலோரெஸ் வட்டாரத்தில் குனா தே தியெர்ரா என்னும் பண்ணை வழிகாட்டியது. 2000-க்குப் பின் சான் மிகேலைச் சுற்றிலும் பல பண்ணைகள் தோன்றின. இயற்கை முறையில் பயிரிடும் தோஸ் புஹோஸ் அவற்றுள் ஒன்று. அப்பெயருக்கு ‘இரு ஆந்தைகள்’ என்று பொருள். மால்பெக், தெம்பிரானியோ, கபெர்னே, சிரா முதலிய கறுப்பு வகைகளும், சோவிஞோன் பிளான் போன்ற வெள்ளை வகைகளும் இங்கே பயிராகின்றன.

இவ்வூர் வெப்ப மண்டலத்தில் உள்ளது. ஆயினும் உயரத்தினால் இரவில் குளிர் இறங்குகிறது. பகல் வெயிலில் பழத்தில் இனிப்பு ஏறும். இரவுக் குளிரில் புளிப்பு குன்றாமல் நிற்கும். இவ்விரண்டும் ஒத்திருந்தால்தான் மது நன்றாக அமையும். ஆனால் ஒரு பெரும் இடையூறும் உண்டு. இங்கு மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பழம் முற்றுவதும் அதே காலத்தில்தான். ஈரத்தால் சாம்பல் நோய் பற்றும், பழம் வெடிக்கும், ஆலங்கட்டி மழை ஒரு மணி நேரத்தில் ஓராண்டு உழைப்பை உதிர்த்துவிடும். ஆகையால் கொடிகளுக்கு மேல் வலை கட்டுகின்றனர்; காற்றோட்டம் கருதி இலைகளைக் கழிக்கின்றனர்; வானத்தைப் பார்த்துப் பார்த்து அறுவடை நாளைக் குறிக்கின்றனர். இங்கே ஒரு புட்டியின் விலையில் இந்த அச்சத்தின் விலையும் அடங்கியுள்ளது.

கடையில் நடப்பது

மெக்ஸிகோவில் விளையும் மதுவில் பெரும்பகுதி பாஹா கலிபோர்னியா மாநிலத்திலிருந்து வருகிறது. அந்நாட்டார் அருந்தும் மதுவிலோ பெரும்பகுதி ஸ்பெயின், சிலி முதலிய நாடுகளிலிருந்து இறங்குவது. இவ்விரண்டு பெருவெள்ளத்துக்கும் நடுவில் குவானாஹுவாத்தோவின் சிறு பண்ணையின் குரல் எப்படிக் கேட்கும்? பெரிய அங்காடிகள் கேட்கும் அளவுக்குச் சரக்கு அனுப்ப அதனால் இயலாது. அவை கேட்கும் கழிவையும் தாங்க இயலாது. எனவே அது தன் வாயிலிலும், நகரின் சிறு கடைகளிலும் வாங்குவோரை நேரே சந்திக்கிறது. சுவை பார்க்கும் கடை என்பது இத்தேவையினால் பிறந்தது.

பழைய வீட்டின் முன்கூடமே பெரும்பாலும் கடையாகிறது. ஒரு நீண்ட மேசை, சில கண்ணாடிக் கிண்ணங்கள், கடித்துக்கொள்ள ரொட்டியும் பாலாடைக்கட்டியும், இவையே கருவிகள். ஒரு கட்டணத்துக்கு மூன்று அல்லது நான்கு வகை மதுவைச் சிறிது சிறிதாக ஊற்றித் தருவர். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடிப்பது முறை. துவர்ப்பு மிகுந்ததை முதலில் அருந்தினால் பின்னதன் மென்மை நாவுக்குப் புலப்படாது.

முதலில் கிண்ணத்தை ஒரு வெண்துணிக்கு நேரே சாய்த்து நிறத்தைக் காண வேண்டும். புதிய கறுப்பு மது ஊதாச் சாயல் காட்டும். வயது ஏறினால் செங்கல் நிறம் விளிம்பில் தோன்றும். பின்பு கிண்ணத்தைச் சுழற்றி மணம் முகர்தல். நனைந்த அட்டையின் வாடை அடித்தால் தக்கை கெட்டது என்று பொருள். அதன்பின் ஒரு வாய் கொண்டு நாவெங்கும் பரவச் செய்து, புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்கின்றனவா என்று நோக்குதல். விழுங்க வேண்டுவதில்லை, அருகில் படிக்கம் இருக்கும். உண்மையில் தேர்ந்தவர் பலர் உமிழ்ந்து விடுவரே அன்றிப் பருகுவதில்லை. சேலையின் முந்தியை வெளிச்சத்தில் விரித்து, ஊடையின் நெருக்கத்தை விரலால் தடவிப் பார்க்கும் பாட்டியின் செயலும் இதுவும் ஒரே வகையின.

பரிமாறுபவர் பண்ணையைச் சேர்ந்தவராயின், எந்த ஆண்டில் மழை முந்தியது, எந்த மேட்டில் களிமண் மிகுதி என்பதைக் கிண்ணத்தைக் காட்டியே விளக்குவார். கேட்டவர் மறுமுறை வரும்போது வெறும் விலை பேசுவதில்லை. ஆண்டைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசுகிறார்.

சீட்டும் வரியும்

வாங்குவோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, பழம் எங்கு விளைந்தது? பண்ணை இங்கே இருந்தும், பழத்தைப் பிற மாநிலத்திலிருந்து தருவித்து மது வடிப்பாரும் உண்டு. அது குற்றமன்று, மறைப்பதே குற்றம். 2018-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, மெக்ஸிகோவில் விளைந்த பழத்தை மட்டுமே கொண்டு, அந்நாட்டிலேயே நொதிக்க வைத்துப் புட்டியில் அடைத்ததே ‘மெக்ஸிகோ மது’ எனப்படும். எந்த வட்டாரம் என்பதைக் கேட்டே அறிய வேண்டும். இரண்டாவது, எந்த ஆண்டின் அறுவடை? மூன்றாவது, ஓக் மரப் பீப்பாயில் எத்தனை மாதம் இருந்தது?

விலை மிகுதி என்று பலர் குறை கூறுவர். 14 பாகை வரை வெறியமுள்ள மதுவுக்கு நூற்றுக்கு 26.5 வீதம் தனி வரியும், அதன் மேல் நூற்றுக்கு 16 வீதம் பொது வரியும் உண்டு. சிறு பண்ணைக்கும் பெரு நிறுவனத்துக்கும் வரி வீதம் ஒன்றே. புட்டியும் தக்கையும் சிறிய அளவில் வாங்குவதால் கூடுதல் விலையாகின்றன. இவற்றைக் கூட்டிப் பார்த்தால், இடைத்தரகருக்குச் செல்லும் பங்கைத் தன்னிடம் நிறுத்திக் கொள்ளாத சிறு பண்ணை நிலைத்தல் அரிது என்பது விளங்கும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பண்ணைகளில் அறுவடை விழா நடைபெறும். விருந்தினர் தொட்டியில் இறங்கிப் பழத்தைக் காலால் மிதிப்பர். இசையும் விருந்தும் உண்டு. பழம் பறிக்கும் கத்தரிக்கோலைக் கையில் வாங்கி ஒரு வரிசையேனும் பறித்துப் பார்ப்பவருக்கு, புட்டியின் விலை ஏன் அவ்வளவு என்பது முதுகு வலியினாலேயே விளங்கிவிடும்.

தண்ணீர் யாருடையது?

இனிக் கூறப்போவது எந்தக் கடையிலும் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டப்படாத விஷயம். சான் மிகேல் வட்டாரம் நிலத்தடி நீரையே நம்பி வாழ்கிறது. ஆண்டுக்குச் சுமார் 500 முதல் 600 மில்லிமீட்டர் மழையே பெய்யும். ஊறும் நீரைக் காட்டிலும் இறைக்கும் நீர் மிகுதி. இறைப்பதில் மிகப் பெரும் பங்கு வேளாண்மைக்கே செல்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பச்சைப் பூக்கோசும், கால்நடைத் தீவனமாகிய குதிரைமசாலும் அதில் முதன்மையானவை. நீர்மட்டம் கீழே செல்லச் செல்ல, ஆழத்துப் பழம்நீர் மேலே வருகிறது. அதில் ஆர்சனிக் என்னும் நஞ்சும் புளூரைடும் கலந்துள்ளன. சிற்றூர்க் குழந்தைகளின் பற்களில் கறை படிவதும், எலும்பு பாதிக்கப்படுவதும் இதனாலேயே. காமினோஸ் தே ஆகுவா என்னும் தொண்டு நிறுவனம் சிற்றூர் மக்களோடு சேர்ந்து மழைநீர்த் தொட்டிகளையும் வடிகலன்களையும் அமைத்து வருகிறது.

திராட்சைக்குச் சொட்டுநீர் போதும். பூக்கோசையும் குதிரைமசாலையும் விட அது குறைவாகவே குடிக்கும். இது பண்ணையார் கூறும் நியாயம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் கொடிகளின் நடுவே மாளிகைகளும், புல்வெளிகளும், நீச்சல் குளங்களும் கட்டி மனை விற்போரும் தோன்றியுள்ளனர். அங்கே திராட்சை பயிரன்று. மனைக்கு விலையேற்றும் அலங்காரம். எஹீதோ என்னும் குடியானவர் பொது நிலங்களை விற்பதற்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி திறந்தபின், நிலம் கை மாறுதல் எளிதாயிற்று. நிலத்தோடு நீரும் கை மாறுமானால், குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றல்ல, நான்கு. இந்தக் கொடிக்கு எவ்வளவு நீர் பாய்கிறது, அது எவருடைய கிணற்றிலிருந்து வருகிறது என்பதே நான்காவது. தரம் அறியும் பழக்கம் நாவோடு நின்றுவிட்டால் அது வெறும் சொகுசு. பழைய சராப்பேயை வாங்கியவர்கள் வண்ணத்தைப் பார்த்தார்கள். நெய்தவன் பூட்டிய அறையில் இருந்ததைக் கேட்கவில்லை. வாங்குவோருக்குத் தம் தொழிலின் நுட்பத்தைக் கற்பிக்கும் உற்பத்தியாளர், அதன் நியாயத்தையும் கற்பிக்கக் கடமைப்பட்டவர். சான் மிகேலின் சுவை மேசை முன்னதைத் திறம்படச் செய்கிறது. பின்னதையும் செய்யும் நாளில்தான், கொடியும் தறியும் குடிகளுக்கே என்று நட்ட குருவின் எண்ணம் அம்மண்ணில் வேரூன்றியதாகும்.